சாரணப் பிள்ளையின் மாலை நேரம்

 

காரைக்காலில் நம் குடும்பம் ஒன்றின் சனிக்கிழமையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். வீட்டுத் தலைவர் சபுரில் இருக்கிறார். துபாயோ, சிங்கப்பூரோ, பாரிஸ் நகரின் புறநகரோ, எங்கோ ஓரிடம். வீட்டில் மாமியாருக்குச் சர்க்கரை நோய்; வேளா வேளைக்கு மருந்தும் கஞ்சியும் கொடுத்தாக வேண்டும். மூத்த மகனுக்கு 12 வயது. பள்ளியில் சாரணர் படையில் சேர்ந்திருக்கிறான். இளைய மகளுக்கு 9 வயது. அவள் நீலப் பறவையர் குழுவில் இருக்கிறாள். விடிந்ததும் இருவரும் ஓதப் போக வேண்டும். ஓதி வந்ததும் டியூஷன். மாலையில் அஸருக்குப் பிறகு சாரணர் கூட்டம். முந்தின இரவு 9 மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வருகிறது: நாளை சீருடையோடு வரவேண்டும், கழுத்துத் துண்டு கட்டாயம், புதிய சின்னத்தைச் சட்டையில் தைத்திருக்க வேண்டும். கழுத்துத் துண்டு எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியாது. சட்டையோ இன்னும் தோய்க்கப்படாமல் கிடக்கிறது. இஷா தொழுதுவிட்டுத் தலை சாய்க்கலாம் என்றிருந்த தாய், ஊசியும் நூலுமாக விளக்கடியில் உட்காருகிறாள்.

இந்தத் தாய்மார்கள்தாம் என்னைப் போன்றவர்களிடம் கேட்கிறார்கள்: "ஹஜ்ரத், இதில் எதை நிறுத்தலாம்?"

கேள்வி சிறியதுதான். ஆனால் அதற்கு நாம் சொல்லும் விடையில் ஒரு பிள்ளையின் வளர்ப்பும் அடங்கியிருக்கிறது, ஒரு பெண்ணின் உடல் நலமும் அடங்கியிருக்கிறது. வழக்கமாக என்ன நடக்கிறது? இரண்டிலொன்று. சாரணர் கூட்டத்தால் மதிப்பெண் வரப் போவதில்லை என்று அதை நிறுத்திவிடுகிறார்கள். அல்லது, ஓதுவதைப் பிறகு பார்த்துக் கொள்ளலாம் என்று மதரஸாவை நிறுத்திவிடுகிறார்கள். இரண்டும் எனக்கு உடன்பாடில்லை. டியூஷனை மட்டும் ஏன் ஒருவரும் தொடுவதில்லை என்பதுதான் எனக்கு விளங்காத புதிர்.

முதலில் சாரணர் இயக்கம் இன்னதென்று தெரிந்து கொள்வோம். காக்கிச் சட்டையும் ஊதுகுழலும் கொண்ட ஒரு விளையாட்டு என்றே நம் வீட்டுப் பெரியவர்களில் பலர் நினைத்திருக்கிறார்கள். 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்ஸீ தீவில் பேடன் பவல் என்ற ராணுவ அதிகாரி சுமார் 20 சிறுவர்களைக் கூட்டிக் கொண்டு போய்ப் பாசறை அமைத்தார். செல்வர் வீட்டுப் பிள்ளைகளும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் அங்கே ஒன்றாகக் கூடாரமடித்து, ஒன்றாகச் சமைத்து உண்டார்கள். அந்தச் சிறிய தொடக்கம்தான் உலகெங்கும் பரவியது. இந்தியாவுக்கு 1909-இல் வந்தபோது அது வெள்ளையர் பிள்ளைகளுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. நம் நாட்டுப் பிள்ளைகளுக்கு இடமில்லை. ஆகவே 1916-இல் சென்னையில் அன்னி பெசன்ட் அம்மையார் இந்தியச் சிறுவர்களுக்கென்றே தனிச் சங்கம் கண்டார். வடக்கே மதன் மோகன் மாளவியா முதலியோர் சேவா சமிதியின் பெயரால் வேறொரு சங்கம் நடத்தினார்கள். நாடு விடுதலை பெற்ற பின் 1950 நவம்பர் 7-ஆம் நாள் இவையெல்லாம் சேர்ந்து பாரத சாரணர் இயக்கம் பிறந்தது. மறு ஆண்டு சாரணியரும் அதில் இணைந்தனர். இன்று நம் பிள்ளைகள் அணிந்து வரும் கழுத்துத் துண்டு அந்த அமைப்பினுடையதுதான்.

அதன் சட்டம் ஒன்பது பகுதிகள் கொண்டது. முதற் பகுதியே சாரணன் நம்பிக்கைக்குரியவனாக இருக்க வேண்டும் என்பதைப் பற்றியது. நம்பிக்கைக்குரியவர் என்னும் பொருளில் 'அல் அமீன்' என்று மக்கா நகரத்தார் யாரை அழைத்தார்கள் என்பதை உங்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. நாள்தோறும் ஏதேனும் ஒரு நற்செயல் செய்ய வேண்டும் என்பது சாரணர் மரபு. வழியில் கிடக்கும் முள்ளையோ கல்லையோ அகற்றுவதை ஈமானின் கிளைகளில் ஒன்றாக எண்ணிய சமுதாயம் நாம். இந்த மரபு நமக்கு எப்படி அன்னியமாகும்?

ஆயினும், "வெள்ளைக்காரன் கொண்டு வந்தது நமக்கெதற்கு?" என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு செய்தி. அரபு நாடுகளில் சாரணர் இயக்கத்தின் வித்து ஊன்றப்பட்டது 1912-இல், பெய்ரூத் நகரில். அதை ஊன்றியவர்கள் ஆங்கிலேயர்கள் அல்லர். அங்கே படிக்கப் போயிருந்த இந்திய முஸ்லிம்கள், டெல்லியைச் சேர்ந்த அப்துல் ஜப்பார் கைரி, அப்துஸ் ஸத்தார் கைரி என்ற சகோதரர்கள். அல்ஜீரியாவில் 1930-களில் முஸ்லிம் சாரணர்களைத் திரட்டிய முஹம்மது பூராஸ் என்ற இளைஞரைப் பிரெஞ்சு ஆட்சி 1941 மே 27-ஆம் நாள் சுட்டுக் கொன்றது. பிரெஞ்சு ஆட்சியின் கீழிருந்து 1954 நவம்பர் முதல் நாள் வெளியே வந்த காரைக்காலுக்கு அந்தச் செய்தியின் கனம் புரியும். அதே பிரான்சில் 1990-இல் முஸ்லிம் சாரணர் அமைப்பொன்று தோன்றிற்று. காரைக்காலிலிருந்து போய் அங்கே குடியேறிய குடும்பங்களின் பேரப்பிள்ளைகளுக்கும் அதன் கதவு திறந்தே இருக்கிறது. ஹஜ்ஜுக்குப் போய் வந்தவர்களைக் கேளுங்கள். மினாவில் கூடாரங்களுக்கிடையே வழி தவறி நிற்கும் வயோதிகரைக் கைப்பிடித்து அவருடைய கூடாரத்தில் கொண்டு சேர்ப்பவர்களில் சவூதி நாட்டுச் சாரணச் சிறுவர்களும் உண்டு. உலகிலேயே மிகப் பெரிய சாரணர் அமைப்பு எந்த நாட்டினுடையது? இந்தோனேசியாவினுடையது. அங்கே சாரணச் சிறுமியர் தலையை மூடும் துணியைச் சீருடையோடு சேர்த்தே அணிந்து வருகிறார்கள்.

மார்க்கத்தின் பேரால் எழுப்பப்படும் சில ஐயங்களையும் இங்கே தீர்த்துவிட்டு மேலே செல்லலாம். சாரணர்கள் இடக்கையால் கை குலுக்குகிறார்களே என்பார்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் வீரர்கள் இடக்கையிலுள்ள கேடயத்தைக் கீழே வைத்துவிட்டு அக்கையை நீட்டுவது நம்பிக்கையின் அடையாளம் என்றும், அதிலிருந்து இது வந்தது என்றும் ஒரு கதை சொல்வதுண்டு. அது எப்படியானாலும், இது ஓர் இயக்கத்தின் அடையாளக் குறியே தவிர, நம் முஸாஃபஹாவுக்கு மாற்றன்று. ஸலாம் சொல்லிக் கொடுக்கும் கை வலக்கையாகவே இருக்கட்டும் என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தால் போதும். அவன் குழம்ப மாட்டான். நம்மைவிடப் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். கொடிக்கு வணக்கம் செலுத்துவது மரியாதை. அது இபாதத் ஆகாது.

எல்லாச் சமயப் பிரார்த்தனையில் என்ன செய்வது என்பது மட்டும் சற்றுக் கவனமாகப் பேச வேண்டிய ஒன்று. மற்றவர்களுடைய வேண்டுதலின்போது நம் பிள்ளை அமைதியாக, மரியாதையோடு நிற்கட்டும். தன் முறை வரும்போது அல்ஹம்து சூராவை நிறுத்தி, நிதானமாக, தஜ்வீது தவறாமல் ஓதட்டும். பத்துப் பேர் முன்னிலையில் அல்ஹம்து ஓதக் கூசுகிற பிள்ளை இருந்தால், அந்தக் கூச்சத்தைப் போக்க வேண்டிய இடம் நம் மதரஸாதான். அதற்குச் சாரண ஆசிரியரை நொந்து என்ன பயன்?

ஆகவே மார்க்கம் இதில் குறுக்கே நிற்கவில்லை. குறுக்கே நிற்பது நேரம்.

நேரத்தைப் பங்கிடுவது பற்றி நம் மார்க்கத்தில் பேசப்படும்போதெல்லாம் ஸல்மான் ஃபார்ஸி (ரலி) அவர்களும் அபுத் தர்தா (ரலி) அவர்களும் நினைவுக்கு வருவார்கள். அபுத் தர்தா (ரலி) பகலெல்லாம் நோன்பு, இரவெல்லாம் தொழுகை என்றிருந்தார்கள். விருந்தினராக வந்த ஸல்மான் (ரலி) அவர்களைத் தடுத்து நிறுத்தி, இறைவனுக்கும் உரிமையுண்டு, உங்கள் உடலுக்கும் உரிமையுண்டு, குடும்பத்தாருக்கும் உரிமையுண்டு, அவரவர்க்கு உரியதைக் கொடுங்கள் என்ற கருத்தை எடுத்துச் சொன்னார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதைச் சரியென்று ஏற்றுக் கொண்டார்கள். இந்த வரலாற்றை மேடைதோறும் சொல்கிறோம். ஆனால் இது எங்கே தொடங்குகிறது என்பதை மறந்துவிடுகிறோம். ஸல்மான் (ரலி) அவர்கள் அந்த வீட்டுக்குள் வந்ததும் முதலில் கவனித்தது அபுத் தர்தாவின் வணக்கத்தை அன்று. அந்த வீட்டுப் பெண்மணி தன்னைப் பேணிக் கொள்ளாமல், வாடிப் போன கோலத்தில் இருந்ததைத்தான் கவனித்தார்கள். அதிலிருந்துதான் பேச்சே பிறந்தது. வீட்டின் நேரம் சரியாகப் பங்கிடப்படவில்லை என்பது முதலில் தெரிவது அந்த வீட்டுப் பெண்ணின் முகத்திலேதான்.

இதை அளவுகோலாக வைத்துக் கொண்டு அந்தச் சனிக்கிழமையை மறுபடியும் பாருங்கள். மதரஸா வேண்டும், அதில் பேச்சில்லை. சாரணர் கூட்டம் வாரத்துக்கு ஒரு நாள், ஒன்றரை மணியோ இரண்டு மணியோதான். டியூஷன்? வாரத்துக்கு ஆறு நாள், நாளொன்றுக்கு இரண்டு மணி. அதற்கு மேல் கராத்தே, அபாகஸ், இந்தி வகுப்பு. பக்கத்து வீட்டுப் பிள்ளை போகிறது என்பதற்காகவே போகும் வகுப்புகளை நான் கண்டிருக்கிறேன். பள்ளியில் ஒரு முறை கேட்ட பாடத்தை இன்னொருவரிடம் காசு கொடுத்து மறுமுறை கேட்பதற்குத்தான் பிள்ளையின் மாலைப் பொழுதில் பெரும் பகுதி போகிறது. பாடத்தில் உண்மையிலேயே பின்தங்கிய பிள்ளைக்கு டியூஷன் மருந்து, மறுக்கவில்லை. பின்தங்காத பிள்ளைக்கும் ஏன் அந்த மருந்து? சனி, ஞாயிறு டியூஷனை நிறுத்திப் பாருங்கள். வீட்டில் மூச்சு விட இடம் கிடைக்கும்.

டியூஷனில் கிடைக்காத ஒன்று சாரணர் படையில் கிடைக்கிறது. ஓர் அணியில் 6 முதல் 8 பிள்ளைகள். அவர்களில் ஒருவனே அணித் தலைவன். பெரியவர் யாரும் குறுக்கிடாமல், தன்னையொத்த ஏழு பேரின் பொறுப்பை 13 வயதில் ஏற்று நடத்துவது சாதாரணப் பயிற்சியன்று. வாப்பா சபுரில் இருக்க, வீட்டில் பெண்களுக்கிடையிலேயே வளரும் ஆண் பிள்ளைக்கு இது இன்னும் தேவை. கூடாரம் அடிக்கிறான், கயிற்றில் முடிச்சுப் போடுகிறான், விறகடுப்பில் சோறு பொங்குகிறான், பாத்திரம் துலக்குகிறான். பாத்திரம் துலக்கத் தெரிந்த ஆண் பிள்ளை வளர்வது நம் வீட்டுப் பெண்களுக்கு எதிர்காலத்தில் எவ்வளவு பெரிய உபகாரம் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

வேறொன்றும் இருக்கிறது. நாம் இருப்பது கடற்கரை ஊர். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு, பட்டினச்சேரி போன்ற மீனவ ஊர்களில் என்ன நடந்தது என்பதை நேரில் கண்டவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் நமக்குத் தெற்கே வேதாரண்யம் அருகில் கரை கடந்தபோது டெல்டா முழுவதும் மரங்கள் வீழ்ந்து கிடந்தன. அப்படிப்பட்ட நாட்களில் காயத்துக்குக் கட்டுப் போடவும், கயிறு கட்டி ஆளை இழுக்கவும், பதறாமல் வரிசையை ஒழுங்குபடுத்தவும் தெரிந்த பிள்ளைகள் எத்தனை பேர் தெருவில் இருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. ஆழிப் பேரலையின்போது பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் மீனவ மக்களுக்குச் சோறு சமைத்து வழங்கிய நற்பணியை இன்றும் பேசுகிறார்கள். அந்தப் பணி செய்ய அடுத்த தலைமுறைக்குக் கையும் பழக வேண்டுமன்றோ?

ஆகவே சாரணர் கூட்டத்தை வையுங்கள். எப்படி வைப்பது என்று கேட்டால், நமக்கு ஒரு கடிகாரம் முன்னமேயே தரப்பட்டிருக்கிறது. ஐவேளைத் தொழுகை நாளைத் தானாகவே ஐந்தாகப் பகுத்துக் கொடுக்கிறது. ஃபஜ்ருக்குப் பின் ஓதல். அஸருக்குப் பின் மஃரிப் வரை விளையாட்டும் சாரணர் கூட்டமும். மஃரிபுக்குப் பின் இஷா வரை வீட்டுப் பாடம். இஷாவுக்குப் பின் உணவு. எல்லாரும் ஒன்றாக அமர்ந்து உண்ணும் உணவு. ஒரு வேலை தன் வக்தைத் தாண்டி அடுத்ததற்குள் நுழைந்தால் அன்றைக்கு ஏதோ மிகுந்துவிட்டது என்று பொருள். மஃரிப் பாங்கு சொல்லும்போது பிள்ளை இன்னும் மைதானத்தில் நிற்கிறான் என்றால், பிள்ளையைத் திட்டுவதற்கு முன் சாரண ஆசிரியரிடம் பேசுங்கள். கூட்டத்தைக் கால் மணி முன்னதாக முடிக்கச் சொன்னால் பெரும்பாலோர் ஒத்துக் கொள்வார்கள். நாம் கேட்பதில்லை என்பதே குறை.

பிள்ளை 10 வயது நிறைந்ததும் குருளையர் குழுவிலிருந்து சாரணர் படைக்கு மாறுகிறான். ஏழு வயதில் தொழச் சொல்லிப் பழக்கி, பத்து வயதில் கண்டிப்போடு வலியுறுத்துமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குக் காட்டித் தந்த வயதும் அதுவே. சீருடை வாங்கித் தரும் அன்றே பையனிடம் பேசிவிடலாம்: இந்தச் சட்டையோடு இந்தப் பொறுப்பும் சேர்ந்து வருகிறது, தொழுகை நேரத்தை நினைவில் வைத்திருப்பது உன் வேலை, உம்மாவின் வேலையன்று.

உம்மாவின் வேலை எது, மற்றவர் வேலை எது என்பதைத்தான் நம் வீடுகளில் பிரித்துப் பேசுவதே இல்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று ஆயிஷா நாயகி (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்டபோது, குடும்பத்தாரின் பணிகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்தால் புறப்பட்டுவிடுவார்கள் என்ற கருத்தில் விடை சொன்னார்கள். கிழிந்த ஆடையைத் தாமே தைத்துக் கொண்டார்கள், காலணியைத் தாமே செப்பனிட்டுக் கொண்டார்கள் என்றும் அறிவிப்புகள் இருக்கின்றன. அப்படியிருக்க, 12 வயதுப் பையன் தன் சட்டையில் தன் சின்னத்தைத் தானே தைத்துக் கொண்டால் என்ன குறைந்துவிடும்? அது சுன்னத்தும் ஆகும், சாரணர் பயிற்சியும் ஆகும், தாய்க்கு ஓர் இரவுத் தூக்கமும் ஆகும். சீருடை, கழுத்துத் துண்டு, கயிறு, குறிப்பேடு யாவும் வெள்ளிக்கிழமை ஜுமுஆவுக்குப் பிறகு ஒரு பையில் எடுத்து வைக்கப்பட்டுவிட வேண்டும். வைக்க வேண்டியவன் அவன். மறந்து போனால் சீருடையில்லாமல் போய் நிற்கட்டும். ஒரு முறை நின்றால் மறுமுறை மறக்க மாட்டான்.

சபுரில் இருக்கும் வாப்பாமார்களுக்கும் ஒரு சொல். பணம் அனுப்புகிறீர்கள், அதன் வியர்வையை அல்லாஹ் அறிவான். ஆனால் வீடியோ அழைப்பில் பிள்ளையைப் பார்த்ததும் நீங்கள் கேட்கும் முதற் கேள்வி "எத்தனை மார்க்கு?" என்பதாகவே இருக்கிறதே! இந்த வாரம் என்ன முடிச்சுக் கற்றாய், அதைக் கேமராவுக்கு முன் போட்டுக் காட்டு என்று ஒரு நாள் கேட்டுப் பாருங்கள். கடல் தாண்டியிருந்தாலும் பிள்ளையோடு ஒரு கயிற்றின் இரு முனையைப் பிடித்தாற்போல் இருக்கும். சாரண ஆசிரியரின் வாட்ஸ்அப் குழுவில் தாயின் எண்ணோடு உங்கள் எண்ணையும் சேர்த்துக் கொள்ளுங்கள். அனுமதிக் கடிதம், கட்டணம், பாசறைத் தேதி போன்றவற்றை நீங்களே அங்கிருந்து பார்த்துக் கொள்ளலாம். இவற்றுக்குக் கடவுச் சீட்டும் விசாவும் வேண்டியதில்லை.

மதரஸா நடத்தும் என் சகோதர ஆலிம்களிடமும் மனம் விட்டுச் சொல்கிறேன். பாசறைக்குப் போய் இரண்டு நாள் ஓத வராத பிள்ளையை வகுப்பில் எல்லார் முன்னிலையிலும் நிறுத்தி வைத்து இழித்துப் பேசுவது தீனுக்குச் செய்யும் தொண்டாகாது. அந்தப் பிள்ளை சாரணர் படையையும் விட மாட்டான், மதரஸாவைத்தான் வெறுப்பான். அனஸ் (ரலி) அவர்கள் சிறுவராயிருந்தபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு வேலையாக அனுப்பினார்கள். போகிற வழியில் தெருவில் விளையாடிக் கொண்டிருந்த பிள்ளைகளிடம் நின்றுவிட்டார்கள் அனஸ். பின்னாலிருந்து ஒரு கை மெல்லப் பிடரியைப் பற்றியது. திரும்பிப் பார்த்தால் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் புன்னகை புரிந்து நின்றிருந்தார்கள். பத்தாண்டு காலம் பணிவிடை செய்தும் ஒரு கடுஞ்சொல் கேட்டதில்லை என்று முதுமையிலும் அனஸ் (ரலி) சொல்லிக் கொண்டிருந்தார்கள். பாசறைக்குப் போகும் பிள்ளையிடம் இரண்டு சூராக்களை மனனம் செய்து வரச் சொல்லி அனுப்புங்கள். திரும்பி வந்து ஒப்பிப்பான். சனிக்கிழமை மாலை வகுப்பு நடத்தும் மதரஸாக்கள், பள்ளிக் கூட்ட நேரத்தைக் கேட்டறிந்து அரை மணி முன்பின்னாக மாற்றிக் கொண்டால் பல வீடுகளில் சண்டை தீரும்.

இனி பாசறைப் பயணம். நம் காரைக்காலின் நிலை சற்றே விசித்திரமானது. மூன்று பக்கமும் தமிழ்நாட்டு மாவட்டங்கள், ஒரு பக்கம் வங்கக் கடல். நம் ஆட்சித் தலைமையோ ஏறத்தாழ 130 கிலோ மீட்டர் வடக்கே புதுச்சேரியில். நாகூர் கூப்பிடு தூரத்தில் இருந்தாலும் அது வேறு மாநிலம். ஆதலால் மேல்நிலைத் தேர்வு, பேரணி என்று வந்தால் பிள்ளை பேருந்தேறிப் பல மணி நேரம் போக வேண்டியிருக்கிறது. தாய்மார்களின் அச்சம் இங்கேதான் உச்சத்தை எட்டுகிறது. அந்த அச்சத்தை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். உடன் வரும் ஆசிரியர் யார், தங்குமிடம் எது, எத்தனை பேருக்கு எத்தனை பெரியவர்கள், இரவில் யார் விழித்திருப்பார் என்பதையெல்லாம் கேட்பது உங்கள் உரிமை. கேட்டதற்காக முகம் சுளிக்கும் ஆசிரியரோடு பிள்ளையை அனுப்ப வேண்டாம். கேள்விக்கு நேராக விடை சொல்பவரோடு அனுப்புங்கள்.

தொழுகை விஷயத்தில் புறப்படும் முன்பே உங்கள் மஹல்லா ஆலிமிடம் கேட்டுக் கொள்வது நல்லது. நம்மூரில் ஷாஃபியீ மத்ஹபைச் சார்ந்தவர்களும் இருக்கிறார்கள், ஹனஃபி மத்ஹபைச் சார்ந்தவர்களும் இருக்கிறார்கள். பயணத்தில் நான்கு ரக்அத்தைச் சுருக்கித் தொழுவது இரண்டிலும் உண்டு. இரு வேளைகளைச் சேர்த்துத் தொழும் சலுகை ஷாஃபியீ மத்ஹபில் உண்டு. ஹனஃபியில் ஹஜ்ஜின்போது தவிர இல்லை. எத்தனை நாள் தங்கினால் பயணியாகக் கருதப்படுவான் என்பதிலும் வேறுபாடு இருக்கிறது. ஹனஃபியில் 15 நாளுக்குக் குறைவாகத் தங்க நிய்யத்துச் செய்தவன் பயணியே. ஷாஃபியீயில் வந்து சேரும் நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக முழுமையாக நான்கு நாள் தங்க நிய்யத்துச் செய்தால் பயணி அல்லன். ஐந்து நாள் பாசறைக்கும் ஏழு நாள் பாசறைக்கும் சட்டம் வேறுபடலாம் என்பதைப் பிள்ளை இப்படிக் கற்றுக் கொண்டால் அது எந்தப் புத்தகத்திலும் கிடைக்காத ஃபிக்ஹுப் பாடம். கிப்லாவைக் கண்டுபிடிக்கத் திசைகாட்டி அவன் பையிலேயே இருக்கிறது. திசையறிவது சாரணனின் முதற் பாடங்களில் ஒன்று. உணவைப் பற்றிக் கலங்க வேண்டியதில்லை. இறைச்சி ஹலாலானதா என்று தெரியாத இடத்தில் காய்கறிச் சோறு உண்டுவிட்டு வரட்டும். நான்கு நாள் சாம்பார் சாதத்தால் எந்தக் காரைக்கால் பிள்ளையும் மெலிந்து போனதில்லை.

பெண் பிள்ளைகளைப் பற்றி ஒரு சொல். 1909-இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் சாரணர் பேரணி நடந்தபோது, அழைக்காமலே சில சிறுமிகளும் வந்து அணிவகுத்து நின்றார்கள். எங்களுக்கும் வேண்டும் என்றார்கள். மறு ஆண்டே சாரணியர் இயக்கம் பிறந்தது. நம் வீடுகளிலோ, மகன் சாரணர் படைக்குப் போகும் மாலையில் மகள் அவன் சீருடைக்கு இஸ்திரி போட்டுக் கொண்டிருக்கிறாள். சாரணியர் குழுவைப் பெண் ஆசிரியையே நடத்துகிறார். உடையில் மறைக்க வேண்டியதை மறைத்துக் கொள்ளத் தடையில்லை. வயது வந்ததும் நிறுத்திவிடுவோம் என்று சொல்பவர்கள், முதலுதவியும் தன்னைக் காத்துக் கொள்ளும் திறனும் மிகுதியாகத் தேவைப்படும் வயது எது என்று யோசித்துப் பார்க்கட்டும்.

சான்றிதழுக்காக மட்டுமே சேர்ப்பவர்களைப் பற்றியும் சொல்லாமல் விடுவதற்கில்லை. ராஜ்ய புரஸ்கார், ராஷ்டிரபதி விருது என்று படிப்படியாக உயர்வது பல ஆண்டுப் பயிற்சி. ரயில்வே வேலையில் சாரணர்களுக்கென ஒதுக்கீடு உண்டு என்பதும் உண்மையே. அதற்காக, ஒரு முடிச்சும் போடத் தெரியாத பிள்ளைக்குக் குறிப்பேட்டைப் பெற்றோரே எழுதி நிரப்பிக் கொடுப்பதைப் பார்க்கிறோம். நம்பிக்கைக்குரியவனாக இருப்பேன் என்று உறுதிமொழி எடுத்த பிள்ளையின் கையில் நாமே பொய்க் கணக்கைக் கொடுக்கிறோம். அப்படியானால் சேர்க்காமலிருப்பதே மேல்.

இறுதியாக, ஒரு தாய் கேட்டார்: மகனுக்கும் மகளுக்கும் ஒரே மாலையில், வெவ்வேறு பள்ளியில் கூட்டம், வீட்டில் ஒரே ஸ்கூட்டி, மாமியாரைத் தனியே விட முடியாது, என்ன செய்ய? ஒரே தெருவில் எத்தனை சாரணப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று முதலில் எண்ணிப் பாருங்கள் என்றேன். நான்கு வீடு இருந்தது. ஒரு வீட்டுக்கு ஒரு சனிக்கிழமை என்று முறை வைத்துக் கொண்டார்கள். முறை வந்த வீட்டார் எல்லாப் பிள்ளைகளையும் அழைத்துப் போய், மஃரிபுக்கு முன் அவரவர் வாசலில் விடுகிறார்கள். மற்ற மூன்று வீட்டுத் தாய்மாருக்கும் அன்று அஸருக்குப் பிறகு ஒன்றரை மணி நேரம் கிடைக்கிறது. அந்த நேரத்தில் என்ன செய்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. தூங்குவதாக ஒருவர் தாமாகவே சொன்னார்.